இரவு எட்டு மணி நழுவல்: தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் 20, புதன்கிழமை, இரவு 8:20. எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் ஹாம் ரேடியோக்காரர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியிலிருந்து, 10,489.750 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் வரும் அடையாள அலையான பீக்கனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே சரி. பீக்கனின் மையத்தை மென்பொருள் கணக்கிட்டு ஒரு மெல்லிய கோடாகத் திரையில் இறக்கும். நட்டுவைத்த கம்பம்போல நேராக நிற்க வேண்டிய அந்தக் கோடு திடீரென்று வலப்பக்கம் சாய்ந்தது. 9 ஹெர்ட்ஸ். நான்கைந்து நிமிடம் கழித்து, எதுவும் நடக்காததுபோல மெல்லத் திரும்பி வந்தது.

பத்தாயிரம் மெகாஹெர்ட்ஸில் 9 ஹெர்ட்ஸ் என்பது நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. குரலில் பேசுகிறவர்கள் யாருக்கும் அது காதில் விழாது. "அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று என் மனைவி கேட்டாள். யாருக்கும் இல்லை. ஆனால் நூறு கோடியில் ஒரு பங்குகூட நழுவக் கூடாது என்றுதான் இத்தனை பெட்டிகளை வாங்கி, மின்கட்டணம் கட்டி, இரவும் பகலும் ஓடவிட்டிருக்கிறேன். நழுவினால் காரணம் தெரிந்தாக வேண்டும். தெரிய ஆறு வாரம் பிடித்தது. தோண்டத் தோண்ட ஒன்றுக்கு மூன்றாகக் கோளாறுகள் கிளம்பின. அவற்றில் ஒன்று நானே செய்துவைத்தது.

மாடி அறையில் இருப்பவை

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எஸ்ஹெயில்-2 மேற்கே, தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 27 டிகிரி உயரத்தில் இருக்கிறது. டிஷ்ஷின் தலையில் இருக்கும் எல்என்பி, வரும் அலையிலிருந்து 9,750 மெகாஹெர்ட்ஸைக் கழித்து, 739.750 மெகாஹெர்ட்ஸாக அறைக்குள் அனுப்புகிறது. அந்த 9,750 எங்கிருந்து வருகிறது? எல்என்பிக்குள் இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 390ஆல் பெருக்கி. சித்திரை வெயிலில் அந்தச் சின்னக் கிரிஸ்டல் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் ஓடிவிடும். அதனால் அதைப் பிடுங்கிவிட்டு, கீழே அறையிலிருந்து கேபிள் வழியாக 25 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுகிறேன். அது பிறப்பது ஜிபிஎஸ்டிஓ என்ற என் கடிகாரப் பெட்டியின் 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து. ஆகவே ஜிபிஎஸ்டிஓ தும்மினால் திரையில் கோடு ஆடும்.

ஜிபிஎஸ்டிஓ என்றால் ஒரு சூட்டறைக்குள் அடைத்த நல்ல கிரிஸ்டல், அதைக் கண்காணிக்க ஒரு ஜிபிஎஸ் ரிசீவர். கிரிஸ்டல் சில நிமிடங்களுக்கு மிக ஒழுங்காக நடக்கும். நாள்கணக்கில் விட்டால் எங்கோ போய்விடும். ஜிபிஎஸ் நேர்மாறு: விநாடிக்கு விநாடி நடுங்கும், நாள்கணக்கில் பார்த்தால் அசையாது. பெட்டி இரண்டையும் விநாடிக்கொரு முறை ஒப்பிட்டு, கிரிஸ்டலுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துத் திருத்துகிறது. என்னிடம் இருப்பது தண்டர்போல்ட். சிடிஎம்ஏ செல்பேசிக் கோபுரங்களுக்கு நேரம் காட்டப் பயன்பட்டு, அவை கலைக்கப்பட்டபோது உலகத்துக் காயலான் கடைகளுக்கெல்லாம் வந்து சேர்ந்த பெட்டிகளில் ஒன்று. நாள் மட்டும் தப்பாகக் காட்டும். ஜிபிஎஸ் அலையில் வாரத்தின் எண்ணுக்குப் பத்து பிட்தான் இடம். 1,024 வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். இந்த மாதிரிக்கு அது 2017 ஜூலை 30 அன்று நடந்தது. அதனால் கோடு சாய்ந்த அந்த இரவில் பெட்டியின் கணக்குப்படி 2004 ஆகஸ்ட் 4. கிழமை மட்டும் புதன், சரியாக. அதிர்வெண்ணுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. நான் அதைத் திருத்தவும் இல்லை. இருபது வருடம் இளையவனாக இருப்பதில் என்ன கஷ்டம்?

இதற்குத் துணையாக எல்பிஆர்ஓ-101 என்ற பழைய ரூபிடியம் கடிகாரம் ஒன்றும், ஹெச்பி 53131ஏ கவுன்ட்டர் ஒன்றும் உண்டு. ரூபிடியம்-87 அணு 6,834.68 மெகாஹெர்ட்ஸ் சுற்றில் எதிரொலிப்பதைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் 10 மெகாஹெர்ட்ஸை நிறுத்துகிற கருவி அது. ஒரு கோடியால் வகுத்தால் விநாடிக்கு ஒரு துடிப்பு. ஜிபிஎஸ்டிஓவின் விநாடித் துடிப்புக்கும் ரூபிடியத்தின் விநாடித் துடிப்புக்கும் உள்ள இடைவெளியைக் கவுன்ட்டர் அளந்து கணினிக்குச் சொல்லும். நாளொன்றுக்கு 86,400 வரி.

யார் பொய் சொல்கிறார்?

மறுநாள் பதிவைப் புரட்டினால், 8:20க்கு இரண்டு துடிப்புகளுக்கும் இடையே நூறு நானோ விநாடிக்கு மேல் ஒரு குதி. நகர்ந்தது எது என்று கவுன்ட்டர் சொல்லாது. இரண்டு பேர் சண்டையில் மூன்றாவதாகச் சாட்சி ஒருவர் வேண்டும்.

ரூபிடியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, குருட்டு நம்பிக்கை இல்லை. வானத்தில் இருக்கிற ரூபிடியமே கைவிட்டிருக்கிறது: இஸ்ரோவின் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ செயற்கைக்கோளில் இருந்த மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. பிறகு 2023 மே 29 காலை 10:42க்கு, நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு என்விஎஸ்-01 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியதை இதே மாடியில், இதே ஆன்டெனாக் கம்பத்தைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். என்னுடையதோ யாரோ கழற்றிப் போட்ட பழைய சரக்கு. உள்ளே எரியும் ரூபிடியம் விளக்கு மங்கும் வயது.

சாட்சியை அறைக்கு வெளியே தேட வேண்டியதில்லை என்று மூன்றாம் நாள்தான் உறைத்தது. பீக்கனே சாட்சி. எல்என்பிக்கு ஜிபிஎஸ்டிஓவுக்குப் பதில் ரூபிடியத்திலிருந்து ஊட்டினேன். இரவு 8:40க்குக் கவுன்ட்டரில் குதி வந்தது. திரையில் கோடு அசையவில்லை. செயற்கைக்கோளும் ரூபிடியமும் ஒரு பக்கம், ஜிபிஎஸ்டிஓ தனியாக மறுபக்கம். செயற்கைக்கோள் தன் இடத்தில் லேசாக ஆடுவதால் பீக்கனின் அதிர்வெண் நாள் முழுவதும் மெல்ல ஏறி இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது மணிக்கணக்கில் நகரும் அசைவு. ஐந்து நிமிடத்தில் போய்த் திரும்பாது.

ஆகக் குற்றவாளி ஜிபிஎஸ்டிஓ. கிரிஸ்டல் தானாக ஓடியதா, ஜிபிஎஸ் இழுத்ததா? மின்னழுத்த வரைபடத்தில் குதிக்குச் சற்று முன்பு பெட்டி செயற்கைக்கோள்களை இழந்து ஹோல்டோவருக்கு, அதாவது ஜிபிஎஸ் துணையின்றிக் கிரிஸ்டலை மட்டும் நம்பி ஓடும் நிலைக்கு, போயிருந்தது. திரும்பப் பிடித்ததும், கணக்கில் நூற்றுச் சொச்சம் நானோ விநாடி பிசகு இருப்பதைக் கண்டு, அவசர அவசரமாகக் கிரிஸ்டலை இழுத்திருந்தது. நூறு விநாடிக்குள் நூறு நானோ விநாடியை ஈடுகட்ட வேண்டுமானால் அதிர்வெண்ணை நூறு கோடியில் ஒரு பங்கு தள்ளித்தான் ஆக வேண்டும். 9 ஹெர்ட்ஸ் வந்த வழி அது. அப்படியானால், இரவு எட்டு மணி வாக்கில் என் ஆன்டெனாவுக்கு என்ன ஆகிறது?

களிம்பும் லாரிகளும்

வடசென்னையில் வெளியில் வைத்த எந்த உலோகத்தையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். காசிமேடு கூப்பிடு தூரம். உப்புக்காற்று எதையும் விடாது. ஆன்டெனாவுக்கு அடியில் இருந்த கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இரண்டு நாள் வெளுத்து வாங்கியபோது இறங்கிய தண்ணீராக இருக்கும். வெட்டிப் புது கனெக்டர் போட்டு, டேப் சுற்றி, மேலே கிரீஸ் பூசினேன். எல்லாச் செயற்கைக்கோள்களின் வலிமையும் ஒரே சீராக ஏறியது. இரண்டு நாள் கோடு அசையவில்லை. ஒரு துண்டுக் கம்பிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று என்னையே கேலி செய்துகொண்டேன். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, மறுபடியும் நழுவல்.

அடுத்த சந்தேகம் லாரிகள் மேல் விழுந்தது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் பக்கத்துச் சாலைகளில் வரிசை கட்டி நிற்பது புதிதல்ல. வண்டி எங்கே நிற்கிறது என்பது முதலாளிக்குத் தெரியக் கூடாதென்று ஜிபிஎஸ்ஸை மறிக்கும் கருவியைச் செருகிக்கொள்கிற ஓட்டுநர்கள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறார்கள். இங்கேயும் ஒருவர் இருக்கலாம் அல்லவா? மூன்று மாலைகள் மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு லாரிகளை எண்ணினேன். இந்த ஆய்விலேயே நான் வெட்கப்படுகிற பகுதி இதுதான். வரிசை நீளமாக இருந்த ஒருநாள் எதுவும் நடக்கவில்லை. சாலை காலியாகக் கிடந்த ஒருநாள் இரண்டு முறை நழுவியது. கீழே பார்த்த நேரத்தில் திரையைப் பார்த்திருக்கலாம். மறிக்கும் கருவி ஒன்று வேலை செய்தால் எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒருசேரச் சாய வேண்டும். என் திரையில் ஒன்றோ இரண்டோதான் படபடத்தன. மற்றவை நிம்மதியாக நின்றன.

நான்கு நிமிடம்

இதற்கிடையே ஆறு வாரப் பதிவு சேர்ந்துவிட்டது. ரூபிடியத்துக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் இயல்பாக உள்ள விலகல், நாளுக்கு ஏறத்தாழ 170 நானோ விநாடி, ஒரு சரிந்த நேர்கோடு, அதைக் கழித்தேன். மீதியை ஒரு நாளுக்கு ஒரு தாளாக அச்செடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். கணினியிலேயே செய்யலாம்தான். தாளில் பார்த்தால்தான் எனக்குக் கண் திறக்கும்.

ஒவ்வொரு தாளிலும் பத்து நானோ விநாடி உயரமுள்ள சின்ன மேடு ஒன்று இருந்தது. இதுவரை அதை நான் பொருட்படுத்தவில்லை. தாள்களை அடுக்கியதும் மேடு நடந்தது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட நான்கு நிமிடம் முன்னதாக. ஆறு வாரத்தில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம்.

இந்த நான்கு நிமிடம் தெரிந்தவர்களுக்கு அது ஒரு கையெழுத்து. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒரு நட்சத்திர நாளில், அதாவது 23 மணி 56 நிமிடத்தில், இரண்டு சுற்று வந்து வானத்தில் அதே இடத்துக்குத் திரும்புகின்றன. சூரியனைப் பின்பற்றும் எதுவும், வெப்பமோ மின்சாரமோ மனிதர்களோ, 24 மணிக்கொரு முறை வரும். செயற்கைக்கோள்களின் இருப்பிடத்தைப் பின்பற்றும் எதுவும் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தும். ஆக என் மேடு வானத்து இருப்பிடத்தோடு கட்டப்பட்டது: ஒன்று அலை எங்கோ பட்டுத் தெறிக்கிறது, அல்லது ஆன்டெனா இருக்கும் இடம் பெட்டிக்குத் தப்பாகத் தெரிந்திருக்கிறது.

இடம்தான். மிக்ஜாமில் பழைய கம்பம் வளைந்ததால் ஆன்டெனாவை மாடியின் மறு மூலைக்கு மாற்றியிருந்தேன். மூன்று மீட்டர். நேரம் மட்டும் காட்டும் ரிசீவர், தன் இடத்தை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு அதையே சத்தியமாக நம்பும். ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் ஓடும். மூன்று மீட்டர் பிசகினால் பத்து நானோ விநாடி. எந்தத் திசையில் செயற்கைக்கோள் இருக்கிறதோ அதற்கேற்பப் பிழை கூடும், குறையும். இடத்தை மறுபடி அளக்கச் சொன்னேன். 2,000 அளவீடுகள், அரை மணிக்குச் சற்று மேல். நான்கு மாதமாகச் செய்யாமல் விட்ட வேலை. மேடு மறைந்தது.

எட்டு மணி நழுவல் மறையவில்லை. அது நான்கு நிமிடம் முந்தவும் இல்லை. இரவு 7:45க்கும் 11 மணிக்கும் இடையில் எங்காவது வரும், சில நாள் வராது, அந்த எல்லையை மட்டும் தாண்டாது. சூரியன் மறைவதோடு கட்டப்பட்ட எதோ ஒன்று.

பெரம்பூரில் ஒரு நண்பர் வேறு வகை ஜிபிஎஸ்டிஓ வைத்திருக்கிறார். என்னைவிட வயதில் சின்னவர், பதிவு வைப்பதில் என்னைவிட ஒழுங்கானவர். தொலைபேசியில் தேதிகளை வாசித்தேன். மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம். "அண்ணே, உங்கள் பட்டியலில் ஒன்பது நாள் இருக்கிறது. என்னிடம் அதில் எட்டு நாள் இருக்கிறது. நான் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்" என்றார். வியாசர்பாடியைத் தாண்டி, வேறு பெட்டி, வேறு ஆன்டெனா, வேறு மின்கம்பி. இரண்டு வீட்டுக்கும் பொதுவானது மேலே இருப்பது மட்டும்தான்.

காந்த நடுக்கோட்டின் அருகே

பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனைப் பக்கமாகப் போகிறது. தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டதும், திருநெல்வேலியில் அதற்கென்றே ஓர் ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். சென்னை அங்கிருந்து சற்று வடக்கே, ஆனால் தப்பிக்கும் தொலைவில் இல்லை.

பகலில் சூரியன் மேல்வளியைச் சுட்டு, அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரிக்கிறது. அதுதான் அயனி மண்டலம். ஜிபிஎஸ் அலை அதில் நுழைந்தால் தாமதமாகும். சூரியன் மறைந்ததும் கீழடுக்கில் எலெக்ட்ரான்கள் சீக்கிரம் மறுபடி சேர்ந்துவிடுகின்றன. மேலடுக்கு மட்டும் அடர்த்தியாக நிற்கிறது, அதுவும் அந்நேரத்து மின்புலத்தால் இன்னும் மேலே தூக்கப்படுகிறது. கனமானது மேலே, லேசானது கீழே. எண்ணெய்மேல் தண்ணீரை ஊற்றி நிறுத்த முயன்றால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது: கீழிருந்து எலெக்ட்ரான் குறைந்த குமிழிகள் மேலடுக்கைப் பொத்துக்கொண்டு எழுகின்றன. அந்தக் குமிழிகளின் ஊடே வரும் அலை, நட்சத்திரம் மினுங்குவதுபோல மினுங்கும். மினுக்கம் கடுமையானால் ரிசீவர் பிடியை விட்டுவிடும். வானம் முழுவதும் ஒரேயடியாக அல்ல. குமிழி எந்தச் செயற்கைக்கோளுக்கும் நமக்கும் நடுவே வருகிறதோ, அது மட்டும்.

இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் நம் பகுதியில் இது அதிகம். வடக்கு தெற்காக ஓடும் காந்தப் புலக்கோட்டின் வடமுனையிலும் தென்முனையிலும் அப்போது ஒரே நேரத்தில் சூரியன் மறைகிறது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருந்தால் இன்னும் அதிகம், 2024 அப்படிப்பட்ட ஆண்டு. என் பட்டியலும் மே மாதத்தில் தேய்ந்துபோயிருந்தது. லாரிகளுக்கு இந்தப் பஞ்சாங்கம் தெரிய வாய்ப்பில்லை.

தாள்களில் மூன்றாவதாக இன்னொன்றும் இருந்தது: பிற்பகலில் மெதுவாக எழுந்து அடங்கும் அகலமான குன்று, நாற்பது நானோ விநாடி வரை. இதுவும் அயனி மண்டலம்தான், பகல் முகம். ஒற்றை அலைவரிசை ரிசீவர்கள் இந்தத் தாமதத்தைத் தாமாக அளப்பதில்லை. ஜிபிஎஸ் அனுப்பும் எட்டு எண்களை வைத்து ஊகிக்கின்றன. இரவெல்லாம் நிலையாக 5 நானோ விநாடி, பகலில் ஒரு வளைவு, உச்சம் உள்ளூர் நேரம் பிற்பகல் 2 மணி. பிழையில் ஏறத்தாழ பாதியைத் தீர்க்கும் என்பதே அந்த மாதிரியின் இலக்கு. நம் தலைக்கு மேல் மீதிப் பாதியே பெரிது.

உள்ளூர் நேரம் என்றால் நம் கைக்கடிகாரம் காட்டும் நேரமல்ல. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குப் போய்விட்டது. தண்டையார்பேட்டையில் சூரியக் கணக்கு அதற்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்னால். நுங்கம்பாக்கம் வான் ஆய்வுக்கூடம் ரயில்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மெட்ராஸ் நேரத்தை ரயில்வே கைவிட்டாலும் அயனி மண்டலம் கைவிடவில்லை. ஊகத்தின் உச்சம் என் தாளில் 2:09க்கு.

கயிற்றை நீட்டியது

வானத்தைத் திருத்த முடியாது. பெட்டி வானத்துக்கு எவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிகிறது என்பதைத் திருத்தலாம். தண்டர்போல்ட்டில் நேர மாறிலி என்று ஓர் எண் உண்டு. வரும்போது 100 விநாடி என்று வைத்துத்தான் வரும். நங்கூரமிட்ட படகுக்குக் கயிறு குட்டையாக இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் வெடுக்கென்று இழுபடும்; நீளமாக விட்டால் அலை அடியில் போகும், படகு அதே இடத்தைச் சுற்றி நிற்கும். 100ஐ 1,000 ஆக்கினேன். இப்போது அதே நூறு நானோ விநாடியைப் பெட்டி பதினைந்து இருபது நிமிடத்தில் நிதானமாக ஈடுகட்டும். பீக்கனில் ஒரு ஹெர்ட்ஸ்.

ஆனால் கயிறு நீண்டால், இடைப்பட்ட நேரத்தில் கிரிஸ்டல் தன் காலில் நிற்க வேண்டும். என் மாடி அறையில் நண்பகலுக்கு மேல் கடல்காற்று ஏறும்போது பத்து நிமிடத்தில் வெப்பம் சரசரவென இறங்கும். மாறிலியை மாற்றிய முதல் நாளே, மாலை பிழை போய் மதியம் பிழை வந்தது. இதற்கு மருந்து காசிமேட்டில் கிடைத்தது: மீன் அடைக்கும் தெர்மோகோல் பெட்டி, பெரியது. மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, தண்டர்போல்ட்டை அதற்குள் இறக்கினேன். முழுக்க மூடினால் வெந்துவிடும். வெப்பம் இப்போது மணிக்கணக்கில் மாறுகிறது, நிமிடக்கணக்கில் அல்ல. எவ்வளவு கழுவியும் முதல் மாதம் அறையில் வஞ்சிரம் வாசனை. எந்தக் கருவியின் கையேட்டிலும் இந்தக் குறிப்பு இல்லை.

தொடுவானத்தை ஒட்டிய செயற்கைக்கோள்களை ஒதுக்கும் எல்லையை 10 டிகிரியிலிருந்து 20க்கு உயர்த்தினேன். சாய்வாக வரும் அலை அயனி மண்டலத்துக்குள் அதிக தூரம் நடக்கிறது.

பெரம்பூர் நண்பர் இரட்டை அலைவரிசை ரிசீவர் ஒன்று வாங்கினார். ஜிபிஎஸ்ஸின் எல்1, எல்5 என்ற அலைவரிசைகள் இரண்டும் அயனி மண்டலத்தில் வெவ்வேறு அளவு தாமதமாகும், எல்5இல் 1.8 மடங்கு. இரண்டையும் ஒப்பிட்டால் தாமதத்தை ஊகிக்காமல் அளந்தே கழித்துவிடலாம். பிற்பகல் குன்று அவரிடம் தரைமட்டமானது. இரவு மினுக்கத்துக்கு அதனாலும் விடிவில்லை, அலைவரிசை இரண்டுமே மினுங்குகின்றன. அவரும் கடைசியில் கயிற்றைத்தான் நீட்டினார்.

செப்டம்பர் வந்தது. 22ஆம் தேதியை ஒட்டிய வாரத்தில் ஓர் இரவு 8:30க்கு மூன்று செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படபடத்து விழுந்தன. பெட்டி ஹோல்டோவருக்குப் போய், ஆறு நிமிடம் கழித்துத் திரும்பியது. அடுத்த நொடி தொலைபேசி.

"அண்ணே, ஆடுகிறதா?"

"அரை ஹெர்ட்ஸ், தம்பி. உங்களுக்கு?"

"முக்கால். உங்களுக்கு மீன் பெட்டி இருக்கிறது."